பனோரமா ஒளிப்படத்தில் கேமரா மட்டம்

பல கோணங்களில் எடுத்த படங்களை ஒட்டி ஒரே அகலக் காட்சியாக்க, கேமரா சுழலும் அச்சு செங்குத்தாக நிற்க வேண்டும். கேமராவை மட்டும் நேராக வைத்தால் போதாது. பலரும் தவறுவது இங்கேதான். சாய்ந்த ட்ரைபாடில் பந்துத் தலையைச் சரித்து முதல் படத்துக்குக் கேமராவை நேராக்கிவிட்டு, அடித்தட்டைச் சுழற்றினால் கேமரா மெல்லச் சாயும். ஒட்டிய படத்தில் தொடுவானம் அலைபோல் ஏறி இறங்கும். ஹகின் போன்ற மென்பொருள் அதை நிமிர்த்திவிடும். ஆனால் மேலும் கீழும் படம் வெட்டுப்படும்.

ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878இல் கலிபோர்னியா தெருக் குன்றின் மேலிருந்து சான் பிரான்சிஸ்கோ நகரை 13 பெரிய கண்ணாடித் தகடுகளில் முழுவட்டமாக எடுத்தார். பிறகு நிமிர்த்த வழியில்லாத காலம் அது. அவ்வரிசை இன்றும் வியப்பூட்டுகிறது.

இப்போது அச்சைச் செங்குத்தாக்க ட்ரைபாடுக்கும் தலைக்கும் இடையே மட்டத்தளம் பொருத்துவர். பந்துத் தலையின் உச்சியில் சுழலும் பிடிப்பான் இருந்தால் இன்னும் எளிது: பிடிப்பானை மட்டமாக்கி, பந்தைப் பூட்டி, மேற்பகுதியை மட்டும் சுழற்றலாம். மலைச்சரிவில் இதுவே கைகொடுக்கும்.

ரசமட்டத்தை ஒரே திசையில் பார்த்து நம்பக் கூடாது. கேமராவோடு அதையும் முழுச்சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். குமிழி இடம் மாறினால் அச்சு சாய்ந்திருக்கிறது. நடுவிலிருந்து விலகியே அசையாமல் நின்றால் பிழை ரசமட்டத்தில்.

அருகிலுள்ள பொருள்கள் ஒட்டுமிடத்தில் இரட்டையாகத் தெரிவது இடமாறு தோற்றப் பிழை. மட்டம் அதைத் தீர்க்காது. சுழலும் அச்சு லென்ஸின் நுழைவுக் கண் (entrance pupil) வழியே செல்லுமாறு கேமராவை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும்.