கட்டுமானத் தகராறுகளும் இஸ்லாமியச் சட்ட மரபும்

கட்டடம் கட்டுவிப்பவருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையிலோ, சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை வீட்டாருக்கு இடையிலோ எழும் பிணக்குகளைத் தீர்க்க இஸ்லாமியச் சட்ட மரபு (ஃபிக்ஹ்) மூன்று வழிகளை ஏற்கிறது. இரு தரப்பும் மனமொத்து முடித்துக்கொள்வது ஸுல்ஹ், அதாவது சமாதானம். இருவரும் சேர்ந்து தேர்ந்த நடுவரிடம் வழக்கை விடுவது தஹ்கீம். இவை இரண்டும் கைகூடாதபோது காழியின், அதாவது நீதிபதியின், தீர்ப்பு. முதல் வழிக்கே மரபு எப்போதும் முன்னுரிமை தந்துவந்துள்ளது. இன்று இவை பெரும்பாலும் தனி மன்றங்களாக இல்லை. ஒப்பந்தப் பிரிவுகளிலும் அரபு நாடுகளின் உரிமையியல் சட்டங்களிலும் கலந்து இயங்குகின்றன.

நடுவர் தீர்ப்புக்கு முஸ்லிம் அறிஞர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒரு கட்டட வேலையின் நடுவில்தான் நடந்தது. ஏறத்தாழ கி.பி. 605இல், நபித்துவத்துக்கு முன், வெள்ளத்தால் பழுதான கஅபாவை மக்காவின் குறைஷிகள் இடித்துக் கட்டினார்கள். வேலையைக் குலங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டதால் சுவர் எழும்பும்வரை சிக்கல் இல்லை. கருங்கல்லை (ஹஜருல் அஸ்வத்) அதன் இடத்தில் வைக்கும் பெருமை யாருக்கு என்ற கேள்வி வந்ததும் வாளை உருவும் நிலை ஏற்பட்டது. அடுத்து வாசல் வழியே யார் நுழைகிறாரோ அவரே முடிவு சொல்லட்டும் என்று மூத்தவர் அபூ உமையா யோசனை சொன்னார். நுழைந்தவர் 35 வயது முஹம்மத். ஒரு துணியை விரித்து, அதில் கல்லை வைத்து, ஒவ்வொரு குலத் தலைவரையும் ஓர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கச் செய்தார். உரிய உயரம் வந்ததும் தம் கையால் கல்லைப் பொருத்தினார். நடுவர் யார் என்று தெரிவதற்கு முன்பே அவரது தீர்ப்புக்குக் கட்டுப்பட எல்லோரும் சம்மதித்தது இதில் கவனிக்கத்தக்கது. பாரபட்சம் என்று பின்னால் பேச யாருக்கும் இடமில்லாமல் போயிற்று. அதே கட்டுமானத்துக்கு வட்டிப் பணத்தையும் முறைகேடாகச் சேர்த்த பணத்தையும் வாங்குவதில்லை என்று குறைஷிகள் முடிவெடுத்ததால் நிதி போதவில்லை என்றும், அதனால்தான் ஹிஜ்ர் என்னும் பகுதி கட்டடத்துக்கு வெளியே விடப்பட்டது என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

சுவரும் சாட்சியும்

பழைய நூல்களில் கட்டுமானம் பற்றிய வழக்குகளில் பெரும்பகுதி அண்டை வீட்டுச் சண்டைதான். ஒரு நாணல் குடிசையின் தடுப்பு யாருக்குச் சொந்தம் என்ற தகராறைத் தீர்க்க ஹுதைஃபா என்ற தோழரை நபி அனுப்பியதாக ஒரு செய்தி உண்டு. கட்டிய கயிற்றின் முடிச்சுகள் எந்தப் பக்கம் இருந்தனவோ அந்தப் பக்கத்தாருக்கே உரிமை என்று அவர் தீர்ப்பளித்தார். அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர்கள் கருதினாலும், அந்தத் தீர்ப்பின் முறை சட்ட நூல்களில் நிலைத்துவிட்டது. இரு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் யாருடையது என்று ஆவணமோ ஆள்சாட்சியோ இல்லாதபோது, அதன் கல்வரிசை எந்த வீட்டின் சுவரோடு பின்னிக் கட்டப்பட்டிருக்கிறது, உத்தரங்கள் எந்தப் பக்கத்திலிருந்து அதன்மேல் ஏறியிருக்கின்றன என்று மாலிகி மத்ஹப் (சட்டப் பள்ளி) அறிஞர்கள் பார்த்தார்கள்.

இதைப் பார்த்துச் சொல்லக் காழியால் முடியாது. கொத்தனார்தான் சொல்ல முடியும். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் துனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமி அப்படிப்பட்ட ஒரு தலைமைக் கொத்தனார். காழிகள் அனுப்ப, தகராறான இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்துக் கருத்துச் சொன்னவர். சாய்ந்த சுவர், அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்க்கும் சன்னல், குளியல்கூடப் புகை, தெருவில் ஓடும் கழிவுநீர் என்று தாம் கண்ட வழக்குகளையும் மாலிகி சட்டக் கருத்துகளையும் ஒரே நூலில் தொகுத்தார். பிறருக்குத் தீங்கு செய்யவும் கூடாது, பதிலுக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்ற நபிமொழிதான் இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம். தொழில் தெரிந்தவரின் சொல்லுக்கு நீதிமன்றம் தரும் இந்த இடம், இன்றைய கட்டுமான வழக்குகளில் பொறியாளர் அறிக்கைக்குக் கிடைக்கும் இடத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

இல்லாத பொருளுக்கு ஒப்பந்தம்

ஒப்பந்தக்காரரோடு வரும் தகராறு வேறு வகை. இன்னும் எழாத கட்டடத்தை விலைபேசுவது எப்படிச் செல்லும் என்ற கேள்வியே முதல் தடை. கையில் இல்லாததை விற்பதில் கரர், அதாவது நிச்சயமின்மை, இருக்கிறது. ஆனாலும் செருப்பும் பாத்திரமும் செய்யச் சொல்லி முன்கூட்டியே பேசிக்கொள்வது மக்கள் வழக்கமாக இருந்ததால் ஹனஃபி மத்ஹப் அறிஞர்கள் அதை ‘இஸ்திஸ்னா’ என்ற தனி ஒப்பந்தமாக ஏற்றார்கள். ஷாஃபிஈகள் முழுத் தொகையும் முன்பணமாகத் தரப்படும் ஸலம் முறைக்குள் வந்தால் மட்டுமே அனுமதித்தார்கள். தமிழக, இலங்கைக் கடலோர முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். வேலை நடக்க நடக்கப் பணம் தரும் இன்றைய வீட்டு ஒப்பந்தத்துக்கு அந்த மத்ஹபின் பழைய நூல்களில் நேரான இடம் கிடைப்பது கடினம்.

1869க்கும் 1876க்கும் இடையில் உதுமானியப் பேரரசு வெளியிட்ட ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பு, ஹனஃபி அறிஞர் அபூ யூசுஃபின் கருத்தைப் பின்பற்றி, பேசி முடித்த இஸ்திஸ்னாவிலிருந்து எந்தத் தரப்பும் விலக முடியாது என்று 392ஆம் பிரிவில் வகுத்தது. செய்த பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்துவராவிட்டால் மட்டும் வாங்குபவர் மறுக்கலாம். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையும் 1992இல் இதே முடிவுக்கு வந்தது. கட்டட ஒப்பந்தத் தகராறில் “விவரக்குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது” என்பதே முதல் கேள்வியாவதற்கு ஃபிக்ஹிலும் காரணம் இதுதான்.

இங்கே ஒரு குறிப்பு. கட்டி முடித்துப் பத்தாண்டுக்குள் கட்டடம் இடிந்தால் ஒப்பந்தக்காரரும் வடிவமைப்பாளரும் பொறுப்பு என்ற விதியைப் பலர் ஷரீஅத் விதியாக எண்ணுகிறார்கள். எகிப்தின் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் அமீரகத்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் அதை வைத்தது உண்மை. ஆனால் அதன் ஊற்று பிரெஞ்சுச் சட்டம்.

தாமதம், தண்டம், வட்டி

ஒப்பந்தத் தகராறுகள் பலவற்றின் மையம் தாமதம்தான். வேலையை முடிக்கத் தாமதமானால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று பிடித்தம் செய்யும் பிரிவை சவூதி மூத்த அறிஞர் அவை 1974இல் அனுமதித்தது. ஃபிக்ஹ் பேரவை 2000ஆம் ஆண்டு ரியாத் அமர்வில் அதற்கு எல்லைகள் போட்டது: கடனைச் செலுத்துவதில் வரும் தாமதத்துக்கு இது பொருந்தாது, உண்மையான இழப்பு இருக்க வேண்டும், தன் சக்திக்கு மீறிய காரணத்தால் தாமதமானது என்றோ, மறுதரப்புக்கு இழப்பே இல்லை என்றோ ஒப்பந்தக்காரர் நிறுவினால் பிடித்தம் செல்லாது. ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருக்கிறதே என்பது மட்டும் போதாது என்பது இதன் சாரம்.

மறுபக்கம் பாருங்கள். கட்டுவிப்பவர் பில் தொகையை ஆறு மாதம் இழுத்தடித்தால், அது கடன். அதன்மேல் நாட்கணக்கில் ஏறும் எதுவும் வட்டி. வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று ஹதீஸ் கண்டிக்கிறது. அதற்காகத் தண்டிக்கவும் சட்டம் இடம் தருகிறது. கடன் கொடுத்தவருக்கு மட்டும் அதனால் கூடுதல் பணம் சேரக் கூடாது. இஸ்லாமிய வங்கிகள் தாமதத் தொகையை வசூலித்துத் தர்மத்துக்குத் திருப்பிவிடுவது இதனால்தான். ஆனால் கூலியும் சிமெண்டுக் கடனும் தலைக்குமேல் நிற்கும் ஒப்பந்தக்காரருக்கு அந்தத் தர்மத்தால் என்ன பயன்? இந்தச் சமமின்மை ஃபிக்ஹ் மரபு இன்னும் முழுதாகத் தீர்க்காத ஒன்று. நடைமுறையில் ஒப்பந்தக்காரர்கள் முன்பணத்தைக் கூட்டிக் கேட்கிறார்கள், வேலையை நிறுத்தும் உரிமையை எழுதிவைக்கிறார்கள், அல்லது அபாயத்தை விலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஃபிடிக்கின் 1999 மாதிரி ஒப்பந்தத்தில், தாமதமான பணத்துக்கு மாதந்தோறும் கூட்டுவட்டி சேர்க்கும் பிரிவு இருக்கிறது. சவூதியில் அதை அடித்துவிட்டே கையெழுத்திடுவது வழக்கம்.

ஃபிடிக்கின் அந்த மாதிரி ஒப்பந்தமே, 28 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்காத ஒப்பந்தக்காரர் கோரிக்கையை இழப்பார் என்கிறது. ஆனால் காலம் கடந்ததால் மட்டும் ஒருவரின் உரிமை அழியாது என்பது மஜல்லாவின் 1674ஆம் பிரிவு. பல வகைக் கோரிக்கைகளை 15 ஆண்டுக்குப் பின் நீதிமன்றம் விசாரிக்காது என்பதோடு அது நிறுத்திக்கொண்டது. வளைகுடா வழக்குகளில் இந்த 28 நாள் பற்றி வாதம் எழுவதற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம்.

சமாதானத்தின் எல்லை

ஸுல்ஹ் எவ்வளவு விரும்பத்தக்கதானாலும் விலக்கப்பட்டதை அனுமதிக்கப்பட்டதாக்க அதனால் முடியாது. பாக்கித் தொகையைக் கூட்டித் தருகிறேன், ஓராண்டு பொறுத்துக்கொள் என்று சமாதானம் பேசினால் செல்லாது. உடனே தந்தால் குறைத்துக்கொள்கிறேன் என்பதை, முன்கூட்டியே பேசிவைத்த நிபந்தனையாக இல்லாவிட்டால், ஃபிக்ஹ் பேரவை 1992இல் ஏற்றது. இறுதி பில் பேச்சுவார்த்தைகளில் பெரும்பாலானவை முடிவது இப்படித்தான்.

நடுவரைப் பொறுத்தவரை, தீர்ப்புச் சொல்வதற்கு முன் எந்தத் தரப்பும் அவரை விலக்கலாம் என்றது மஜல்லா. நவீனச் சட்டங்கள் இதைக் கைவிட்டன. 1958இல் அராம்கோ எண்ணெய் நிறுவனத்துடனான வழக்கில் நடுவர் மன்றம் சவூதி அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததையடுத்து, அந்த அரசு 1963இல் தன் துறைகள் அனுமதியின்றி நடுவரிடம் போவதைத் தடுத்தது. அந்த நிலை படிப்படியாக மாறியது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான நியூயார்க் உடன்படிக்கையில் 1994இல் சேர்ந்த சவூதி, 2012இல் புதிய நடுவர் சட்டம் இயற்றியது. அதன்படி தனி நடுவரோ மன்றத் தலைவரோ ஷரீஅத் அல்லது சட்டப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். மலேசியாவில் கோலாலம்பூர் நடுவர் மையம் அதே 2012இல், ஷரீஅத் சார்ந்த கேள்வி எழுந்தால் அதை மட்டும் பிரித்து ஷரீஅத் அறிஞர்களிடம் அனுப்பும் விதிகளைக் கொண்டுவந்தது.

சவூதியின் 2012 சட்டப்படி ஷரீஅத்துக்கு முரணான தீர்ப்பை நிறைவேற்ற முடியாது. முரணான பகுதியைத் தனியே பிரிக்க முடிந்தால், அதை மட்டும் விட்டுவிட்டு மீதியை நிறைவேற்றலாம். ஆகவே அங்கே நிறைவேற்ற வேண்டிய தீர்ப்பில் அசல் ஒரு வரியிலும் வட்டி வேறொரு வரியிலுமாக இருப்பதே பணம் வர வேண்டியவருக்குப் பாதுகாப்பு.