சந்தனத்தின் விலையும் காட்டின் விலையும்

மைசூர் என்றவுடன் பட்டும் சந்தனமும் தசரா விழாவும் நம் நினைவிற்கு வருகின்றன. இவற்றுள் சந்தனம் காடு தந்த செல்வம். ஓர் அரசு தன் காட்டிலுள்ள ஒரே ஒரு மரத்திற்கு எத்துணை நுட்பமாக விலை குறித்தது, அம்மரத்தை ஊட்டி வளர்த்த காட்டிற்கோ ஏன் விலையே குறிக்காமல் விட்டது என்பதை இச்சந்தனத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. இயற்கை மனிதனுக்குப் புரியும் பணிகளைப் பணக் கணக்கில் மதிப்பிடலாமா என்று பொருளாதார அறிஞர் வாதிட்டுவரும் இந்நாளில், அவ்வரலாற்றைப் பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை.

தமிழருக்கு இம்மரம் புதியதன்று. சங்கப் புலவர் இதனை ஆரம் என்றனர். மேற்கு மலையில் விளைந்த சந்தனமும் அகிலும் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் பிற சரக்குகளோடு மண்டிக்கிடந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. ஆயினும், இதனை அரசாங்கத்தின் தனியுரிமையாக்கிப் பெரும் வருவாய் கண்டது மைசூரே. 1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்கே உரிய மரம் என்று அறிவித்தார். (நம் ஊர்க் குளக்கரையில் நிற்கும் அரசமரத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை!) அதே ஆண்டில்தான் அவர் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி தம் நாட்டிற் பாதியை இழந்து, மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் இழப்பீடு செலுத்தவும் இசைந்தார். கஜானாவின் நெருக்கடியையும் சந்தனத்தின் பட்டாபிஷேகத்தையும் ஒருங்கே வைத்துப் பார்த்தல் தகும்.

1799-இல் திப்பு வீழ்ந்தார். சந்தனச் சட்டம் வீழவில்லை. உடையார் மரபினரும், 1831 முதல் 1881 வரை ஆண்ட ஆங்கிலக் கமிஷனர்களும் அதனைக் கைவிடாது காத்தனர். சந்தனத்தின் மணம் வயிரத்தில் மட்டுமன்றி வேரிலும் உள்ளது. ஆகவே மரத்தை வெட்டாமல் வேரோடு அகழ்ந்தெடுத்தனர். கிடங்கில் அதனைச் செதுக்கித் தரம் பிரித்து ஏலத்திற்கு விட்டனர். அவ்வாறு பிரித்த தரங்கள் பதினெட்டு. செதுக்குகையில் விழும் சிராய்க்கும் தூளுக்கும்கூட விலை உண்டு. தூளையும் விடாத அக்கணக்குப் புத்தகத்தில், சந்தனத்திற்குப் பக்கத்தில் நின்ற மரத்திற்குத் தனி மதிப்பு ஒன்றும் கிடையாது.

பக்கத்து மரத்தைப் பற்றி ஏன் பேசுகிறோம்? சந்தனம் தனித்து வாழ இயலாத மரம். அதன் இலை தனக்கு வேண்டிய உணவைச் சமைத்துக்கொள்ளுமேனும், வேர்கள் அயல்மரங்களின் வேர்களைப் பற்றி, அவற்றிலிருந்து நீரையும் சத்துக்களையும் உறிஞ்சுகின்றன. கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஜான் ஸ்காட் என்பார் 1871-இலேயே இதனை எடுத்துரைத்தார். சந்தனத்திற்கு இவ்வாறு உணவளிக்கும் தாவரங்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவை. அதன் கருநிறக் கனியைத் தின்று விதையைப் பரப்புவன குயில், மைனா, கொண்டைக்குருவி முதலிய பறவைகள். எனவே, கிடங்கில் ஏலம் போன ஒவ்வொரு கட்டையிலும் புங்கின் உழைப்பும் குயிலின் உழைப்பும் கலந்திருந்தன. அவற்றுக்குக் கூலி கொடுத்தவர் இல்லை. அயல்மரங்கள் விறகாகவே கருதப்பட்டன. வட ஆர்க்காட்டிலிருந்து நம்மவர் திரள்திரளாகச் சென்று உழைத்த கோலார் தங்கவயலின் நீராவி இயந்திரங்கள், 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வரும்வரை விறகையும் கரியையும் தின்றே இயங்கின.

முதல் உலகப் போர் இவ்வாணிகத்தைத் திடீரெனத் திசை திருப்பியது. மைசூர்க் கட்டைகளைப் பெருமளவில் வாங்கி எண்ணெய் வடித்துவந்தது ஜெர்மனி. 1914-இல் அவ்வழி அடைபடவே, கட்டைகள் கிடங்குகளில் தேங்கின. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் திவானாக இருந்த விசுவேசுவரய்யா, எண்ணெயை இங்கேயே வடிக்க முனைந்தார். பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர்களான சட்பரோவும் வாட்சனும் அதற்கு முறை வகுத்தனர். 1916-இல் பெங்களூரிலும் 1917-இல் மைசூரிலும் எண்ணெய் ஆலைகள் எழுந்தன. 1918-இல் சோப்பும் வந்தது. வெளியூர் சென்று திரும்புவோர் உறவினர்க்கு மறவாமல் வாங்கிவரும் மைசூர் சோப்பின் பிறப்பு இதுவே.

ஆனால் ஆலை எழும் முன்னரே காட்டில் நோய் புகுந்துவிட்டது. இலைகள் சிறுத்து முள்போல் விறைத்து நிற்க, மரம் சில ஆண்டுகளில் மடியும். 1899-இல் குடகில் முதன்முதல் கண்டறியப்பட்ட இந்நோயால், 1903 முதல் 1916 வரை குடகு, மைசூர்ப் பகுதிகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அழிந்தன என்பர். பரிகாரம் காண்பவருக்குப் பதினாயிரம் ரூபாய் பரிசு என்று மைசூர் மகாராஜா 1907-இல் அறிவித்தார். 1917-இல் நோய் சேலத்தையும் எட்டியது. பூச்சிகளால் பரவும் மிக நுண்ணிய கிருமியே இதற்குக் காரணம் என்பது 1969-இல்தான் தெரியவந்தது. மருந்து இன்றும் வாய்க்கவில்லை.

நோயினும் கொடியது சட்டம் என்பது எமது கருத்து. உழவனின் சொந்த நிலத்தில் சந்தனம் முளைத்தாலும் அது சர்க்கார் சொத்து; காவற் பொறுப்போ உழவன் தலைமேல். மரம் களவு போனால் முதலில் விசாரிக்கப்படுபவன் அவனே. ஆகவே, பறவை இட்ட விதை வரப்பில் முளைத்தால் கண்டவுடன் பிடுங்கி எறிவதே அவனுக்கு விவேகமாயிற்று. மிகுந்த விலை மதிப்புடைய மரம், அதனை வளர்க்கக்கூடியவனுக்குச் சுமையாகிவிட்டது! 1950-களில் ஆண்டுக்கு 4,000 டன் அளவில் இருந்த இந்தியச் சந்தன விளைச்சல், இந்நூற்றாண்டில் சில நூறு டன்னாகச் சுருங்கியது. கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்கு உரியவனே மரத்துக்கும் உரியவன் என்றன.

காட்டின் பிற பணிகளுக்கு விலை காணும் முயற்சி மிகப் பிந்தியே வந்தது. 1997-இல் ராபர்ட் காஸ்டன்சாவும் அவருடைய குழுவினரும், உலகின் இயற்கைப் பணிகளின் மதிப்பு ஆண்டுக்குச் சராசரி 33 லட்சம் கோடி டாலர் என்று கணித்தனர். நம் நாட்டில் இதற்கு வாயில் திறந்தது, நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளைக் குறித்து 1995-இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கு. அவ்வழக்கின் வழியே, காட்டு நிலத்தை வேறு பணிக்கு எடுப்போர் அதன் நிகர மதிப்பைச் செலுத்த வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் பணித்தது. காஞ்சன் சோப்ரா தலைமையில் வல்லுநர் குழு கணக்கிட்டது. 2008-இல் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை குறிக்கப்பட்டது. 2022-இல் இவ்விகிதங்கள் உயர்த்தப்பட்டன.

காட்டிற்கு விலை குறிப்பது அதனை விற்பதற்கு ஒப்பாகும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் பொருளற்றதன்று, பணம் கட்டினாற் போதும், காட்டை அழிக்கலாம் என்ற எண்ணம் எழக்கூடும். எனினும், விலை குறிக்காத மரங்கள் விறகாய்ப் போன மைசூர்க் கதையை அறிந்தவர், விலையின்மையே பாதுகாப்பு என்று சொல்லத் துணியார். குடகு மலைக் காடுகள் மழைநீரை மண்ணில் தேக்கி மெல்ல விடுவதனாலன்றோ மழை ஓய்ந்த பின்னும் காவிரி ஓடுகிறது? கிருஷ்ணராஜசாகரத்தைக் கட்டிய செலவு ஏட்டில் உண்டு. அக்காடுகளின் பணிக்கு அவ்வேட்டில் இடமில்லை.

இன்று சந்தன நாற்றங்காலில் ஒவ்வொரு கன்றுக்கும் துணையாகத் துவரை விதைக்கிறார்கள். கன்றைத் தோட்டத்திற்கு மாற்றியபின் சவுக்கு முதலிய மரங்களை அருகே நடுகிறார்கள். கடன் கேட்டு வங்கிக்குச் செல்லும் உழவர் அளிக்கும் செலவு மதிப்பீட்டில் அத்துணைமரங்களுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டியிருக்கிறது.