மட்டக்களப்பு இருப்புப்பாதையும் அளவுமாதிரிக் கட்டடக் கலையும்

உண்மையான ஒரு கட்டடத்தின் நீளம், அகலம், உயரம் முதலிய எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறைத்து, அட்டை, மரம், பிளாஸ்டிக் தகடு போன்றவற்றால் அதனை மீளக் கட்டுவது அளவுமாதிரி ஆக்கம் எனப்படும். மாதிரிப் புகையிரதங்களை ஓட்டி மகிழ்வோரிடையே தொடங்கிய இக்கைவினை, விளையாட்டுப் பொருள் என்ற நிலையிலிருந்து அரை நூற்றாண்டுக்குள் வளர்ந்து, மறைந்துபோகும் கட்டடங்களைப் பதிந்துவைக்கும் ஒரு முறையாகவே மாறியது. அவ்வளர்ச்சியை மனத்திற்கொண்டு 1928இல் மட்டக்களப்பை எட்டிய இருப்புப்பாதையை ஆராயும்போது, அப்பாதையோரத்து நிலையங்களும் பாலங்களும் நீர்த்தாங்கிகளும் அளந்து பேணப்படவேண்டிய வரலாற்றுச் சான்றுகள் என்பது தெளிவாகும்.

மாதிரிப் புகையிரதத்தின் வரலாற்றில் முதல் திருப்பம் 1891இல் நேர்ந்தது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் அவ்வாண்டில் தண்டவாளங்களின் அகலத்துக்கு வரையறுத்த சில அளவுகளை அறிமுகப்படுத்தியதால், ஒரே பாதையிற் பல வண்டிகளைச் சேர்த்து ஓட்டவும் சிறிது சிறிதாகப் பாதையை விரித்துச் செல்லவும் முடிந்தது. இங்கிலாந்தில் பிராங் ஹோர்ன்பி 1920இல் தம் புகையிரதப் பொம்மைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருடைய நிறுவனம் 1938இல், வீட்டு மேசை ஒன்றில் அடங்கக்கூடிய சிறிய அளவிலும் வண்டிகளை வெளியிட்டது. ஆயினும் அக்காலப் பொம்மை நிலையங்கள் பெரும்பாலும் வண்ணம் அச்சிட்ட தகரத்தாலானவை. வண்டிக்கும் கட்டடத்துக்கும், கட்டடத்துக்கும் அதன் வாசலில் நிற்கும் மனிதவுருவுக்கும் இடையே அளவுப் பொருத்தம் இருக்கவேண்டும் என்பதை அவற்றைச் செய்தோர் பெரிதாகக் கருதவில்லை.

அப்பொருத்தத்தை ஒரு நெறியாக்கியவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். முதலாமவரான ஜோன் ஏஹெர்ன், 1930களின் இறுதியில் மேடர் வேலி என்னும் கற்பனைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதையை அமைக்கத் தொடங்கி, வண்டிகளுக்கு இணையான கவனத்தைத் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் கொடுத்தார். இரண்டாமவர் ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்துக்கு வந்த ரோய் இங்லண்ட். தாம் வாழ்ந்த சமவெளியின் கூரை வேய்ந்த பழைய குடிசைகள் ஒவ்வொன்றாகத் தம் தோற்றத்தை இழந்துவருவதைக் கண்டு, அவை முற்றாக மறையுமுன் அளந்து 76இல் ஒரு பங்கு அளவிற் கட்டிவைப்பதை அவர் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். அவர் 1954இல் நிறுவிய பெண்டன் அருங்காட்சியகம் இன்றும் அப்பணியைத் தொடர்கின்றது. ஏஹெர்னின் மேடர் வேலியும் அங்கேயே பேணப்படுகின்றது. கூரையின் வளைவு, சாளரத்தின் சட்டம், தோட்டத்துச் செடி என எதனையும் ஆதாரமின்றிச் சேர்ப்பதில்லை என்ற உறுதியே இங்லண்டின் ஆக்கங்களை அலங்காரப் பொருள்களிலிருந்து வேறுபடுத்தி, ஆவணங்களாக உயர்த்தியது. தெற்காசியாவில் புனே நகரின் ஜோஷி சிற்றளவுப் புகையிரத அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டு, ஒரு தனிமனிதரின் நெடுநாள் ஆர்வம் பொதுமக்களுக்கான காட்சியாக வளரமுடியும் என்பதை உணர்த்தியது. இலங்கையில், புகையிரத சேவையின் 150ஆவது ஆண்டு நிறைவையொட்டி 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

இக்கலையில் விகிதம், பாதை அகலம் என்னும் இரண்டையும் பிரித்து விளங்கிக்கொள்ளுதல் இன்றியமையாதது. விகிதம் என்பது உண்மைப் பொருள் எத்தனை மடங்கு சிறிதாக்கப்படுகின்றது என்பதாகும்; பாதை அகலம் என்பது இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரமாகும். உலகிற் பரவலாக வழங்கும் எச்.ஓ. விகிதத்தில் எல்லாம் 87இல் ஒரு பங்காகக் குறைவதால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1435 மில்லிமீற்றர்ப் பாதை 16.5 மில்லிமீற்றர் ஆகின்றது. இலங்கையின் பெருவழிகள் இந்தியாவின் அகலப் பாதையைப் போலவே 1676 மில்லிமீற்றர் கொண்டவை என்பதால், அதே விகிதத்தில் அவை 19.3 மில்லிமீற்றரும், பிரித்தானியாவில் வழங்கும் 76இல் ஒரு பங்கு விகிதத்தில் 22 மில்லிமீற்றரும் இருக்கவேண்டும். கடைகளிற் கிடைக்கும் 16.5 மில்லிமீற்றர்த் தண்டவாளத்தையே இலங்கைப் பாதையாகக் கொள்வதானால், கட்டடங்கள் ஏறத்தாழ 102இல் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டாலன்றி வண்டியும் நிலையமும் ஒன்றுக்கொன்று இசையமாட்டா. இதனால் மட்டக்களப்புப் பாதையை மாதிரியாக்க விரும்புவோர் ஆயத்தக் கட்டடத் தொகுதிகளை நம்பியிருக்க இயலாது. ஒவ்வொரு சுவரையும் கூரையையும் தாமே அளந்து, வரைந்து, வெட்டி ஒட்டவேண்டியவர்களாகின்றனர்.

இருப்புப்பாதை வருமுன் மட்டக்களப்பின் போக்குவரத்து பெரிதும் நீரைச் சார்ந்திருந்தது. ஏறத்தாழ 56 கி.மீ. நீளமுள்ள வாவி, கடலை அண்டிய எழுவான்கரையையும் வயல்கள் நிறைந்த மேற்குப்புறப் படுவான்கரையையும் பிரித்துநிற்க, துறைகளில் வள்ளங்களும் தோணிகளும் ஆட்களையும் நெல்லையும் ஏற்றியிறக்கின. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை புளியந்தீவில் வாவியை நோக்கி அமைந்திருப்பதும், 1913இல் பாலமீன்மடுவில் ஏறத்தாழ 28 மீற்றர் உயரமான வெளிச்சவீடு எழுந்ததும், ஊரின் வாயில் நெடுங்காலம் நீர்ப்பக்கமாகவே இருந்ததைக் காட்டுகின்றன. கனகரத்தினம் 1921இல் வெளியிட்ட மட்டக்களப்பு மாவட்ட விவரண நூல், புகையிரதம் வருவதற்கு ஏழாண்டுகளுக்கு முந்திய மாவட்டத்தை அறிய உதவும் முக்கிய ஆவணமாகும்.

இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்குச் சென்றது. அதன்பின் ஆறு தசாப்தங்களுக்கு மேலாக மலைநாட்டுத் தோட்டங்களும் தென்மேற்குக் கரையும் வடபகுதியுமே பாதைகளைப் பெற்றன. கிழக்கின் முறை மிகவும் பிந்தியே வந்தது. மாகோவிற் பிரிந்து கிழக்கே செல்லும் பாதை 1927இல் திருகோணமலையையும், அதிலிருந்து கல்லோயாச் சந்தியிற் கிளைத்த பாதை 1928இல் மட்டக்களப்பையும் சென்றடைந்தன. இக்கல்லோயாச் சந்தி ஹபரணைக்கு அண்மையிலுள்ள நிலையமேயன்றி, 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயா அபிவிருத்தித் திட்டத்தின் களமான அம்பாறைப் பகுதியன்று. சந்தியிலிருந்து பொலன்னறுவை, மனம்பிட்டி, வெலிக்கந்தை, புனானை வழியாகக் காட்டைக் கடந்து, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் என வரும் பாதை புளியந்தீவுக்கு வடக்கே முடிகின்றது. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் அதனை நீட்டும் யோசனைகள் எழுந்தும் நிறைவேறாமையால், மட்டக்களப்பு இன்றுவரை கடைசி நிலையமாகவே இருக்கின்றது.

கடைசி நிலையம் என்பது மாதிரி ஆக்குவோருக்குப் பெரும் வாய்ப்பாகும். இடைநிலையத்தில் வண்டி நின்று சென்றுவிடும். பாதை முடியும் இடத்திலோ எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுவந்து பூட்டவேண்டும், பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தவேண்டும், சாமான்களை இறக்கிக் களஞ்சியத்தில் அடுக்கவேண்டும். இத்தனை வேலைக்கும் தனித்தனிக் கட்டடம் தேவைப்படுவதால், சிறிய இடத்துக்குள்ளேயே ஒரு முழுப் புகையிரத வாழ்வைக் காட்டமுடிகின்றது. ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாதபடி, ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம்வரை செல்வதற்கான அனுமதிச் சின்னமாக உலோக வில்லை ஒன்றை வளையத்திற் கோத்து எஞ்சின் சாரதியிடம் கொடுக்கும் முறையும், கம்பியால் இழுத்து ஏற்றியிறக்கும் கைகாட்டி மரங்களும் இலங்கைப் பாதைகளுக்கு அவற்றின் தோற்றத்தை அளித்தன. அவற்றை விட்டுவிட்டுச் செய்யப்படும் நிலையம் எவ்வளவு நேர்த்தியானதாயினும் இலங்கை நிலையமாகாது.

காலத்தைத் தெரிவுசெய்வதும் அத்துணை முக்கியமானது. நீராவி எஞ்சின்கள் ஓடிய முதற் கால் நூற்றாண்டைக் காட்டுவதாயின் உயர்ந்த நீர்த்தாங்கியும் எரிபொருள் மேடையும் கரிபடிந்த சுவர்களும் வேண்டும். 1953இல் பிரித்தானியாவிலிருந்தும் 1954 முதல் கனடாவின் உதவியாகவும் டீசல் எஞ்சின்கள் வந்துசேர, அவ்வமைப்புகள் படிப்படியாகத் தேவையற்றுப்போயின. வாழைச்சேனைக் கடதாசி ஆலை இயங்கிய ஆண்டுகளைக் காட்ட விரும்புவோர் தொழிற்சாலைக் கட்டடங்களையும் புகைபோக்கியையும் சேர்க்கவேண்டும். ஒரு காலத்துச் சுவரருகே வேறொரு காலத்து எஞ்சின் நிற்குமாயின், அம்மாதிரி தன் சான்றுத்தன்மையை இழந்துவிடும்.

இப்பாதையின் கட்டுமானங்களுள் தலைசிறந்தவை அதன் பாலங்களே. மகாவலி கங்கையைக் கடக்கும் மனம்பிட்டி இரும்புப் பாலத்திலும், வாழைச்சேனைக்கு அருகிலுள்ள ஓட்டமாவடிப் பாலத்திலும் புகையிரதமும் மோட்டார் வண்டியும் ஒரே தளத்தையே பகிர்ந்துகொண்டன. புகையிரதம் வரும் வேளையில் கடவை மூடப்பட, பஸ்களும் லொறிகளும் இருபுறமும் காத்துநின்றன. மனம்பிட்டியில் 2007இல் தனி வீதிப்பாலம் திறக்கப்பட்டதோடும், ஓட்டமாவடியிலும் அவ்வாறே புதிய பாலம் அமைந்ததோடும் இந்நடைமுறை ஒழிந்தது. தண்டவாளம் வீதித்தளத்துக்குள் அமிழ்ந்திருக்கும் விதம், கடவைக் காவலரின் சிறு குடில், காத்துநிற்கும் வண்டிகளின் வரிசை ஆகியன சேர்ந்த அக்காட்சியை முப்பரிமாணத்தில் மீட்டெடுக்க அளவுமாதிரியே ஏற்ற வழியாகும். புகையிரதத்துக்கு உரியதல்லாவிடினும், ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவியார் பெயரால் 1924இல் அமைந்த கல்லடிப் பாலமும் அதே காலத்து இரும்புக் கட்டுமான மரபைச் சேர்ந்தது. பின்னர் அதனருகே புதிய பாலம் திறக்கப்பட்டது.

உண்மைத் தூரங்களை அப்படியே சுருக்கினால் எந்த வீட்டிலும் இடம் போதாது. 87இல் ஒரு பங்காக்கினாலும் வாவியின் நீளம் 640 மீற்றரைத் தாண்டும். 28 மீற்றர் வெளிச்சவீடோ 32 சென்ரிமீற்றரில் அடங்கிவிடும். எனவே கட்டடங்களை முழு விகிதத்தில் வைத்து, அவற்றுக்கிடையிலான வெளியை மட்டும் குறைப்பதும், பல கண்கள் கொண்ட பாலத்தில் கண்களின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொரு கண்ணையும் சரியான அளவிற் செய்வதும் மரபாகும். இத்தெரிவுமுறைச் சுருக்கத்தில் எதை விடுவது, எதைக் காப்பது என்பதைத் தீர்மானிக்க ஊரறிவு வேண்டும். ஏறாவூர், ஓட்டமாவடிப் பகுதிகளின் பள்ளிவாசல்களும், தமிழ்க் கிராமங்களின் கோயில்களும், கிடுகு வேலிகளும், வாவியோரக் கண்டற் செடிகளும் இன்றி நிலையத்தை மட்டும் கட்டினால், அது மட்டக்களப்புப் பாதையாகத் தோன்றாது.

நுணுக்கங்களிலேயே இக்கலையின் உழைப்பு தங்கியுள்ளது. 87இல் ஒரு பங்கு விகிதத்தில் ஒரு மனிதர் ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் உயரமும், 2.1 மீற்றர்க் கதவு 24 மில்லிமீற்றரும் ஆகின்றன. அளவுகோலால் எட்டமுடியாத உயரங்களை, அடையாளமிட்ட தடி ஒன்றைச் சுவரோடு நிறுத்திப் படமெடுத்தும், செங்கல் வரிசைகளை எண்ணியும் கணிக்கலாம். இலங்கைப் பாடசாலைக் கண்காட்சிகளிற் பழகிய ரெஜிபோமும் காட்போட்டும் நிலத்தோற்றத்துக்கும் உட்சுவருக்கும் போதுமாயினும், ஓட்டுக்கூரையின் வரிகளுக்கும் முகட்டின் மரவேலைக்கும் மெல்லிய அட்டையும் கூரிய கத்தியும் நீண்ட பொறுமையும் தேவை. இறுதியில் உப்புக்காற்று அரித்த இரும்பின் துருவையும் மழைக்காலம் விட்டுச்சென்ற பாசியையும் நிறத்தாற் பூசும்போதுதான் கட்டடம் தன் வயதைப் பெறுகின்றது.

மட்டக்களப்பில் இவ்வுழைப்புக்குத் தனிப்பட்ட ஓர் அவசியம் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மாவட்டத்தின் கூரைகளையும் தென்னந்தோப்புகளையும் வீழ்த்தியது. போர் ஆண்டுகளிற் புகையிரத சேவை நீண்டகாலம் மட்டக்களப்பை எட்டாமல் நின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரைகளை அழித்தது. இவ்வாறு மீண்டும் மீண்டும் சிதைந்து மீண்டும் மீண்டும் கட்டப்பட்ட ஒரு பிரதேசத்தில், பழைய கட்டடம் எப்படி இருந்தது என்ற அறிவு முதியோரின் நினைவிலும் குடும்பப் படங்களிலும் சிதறிக்கிடக்கின்றது. புகைப்படம் கட்டடத்தின் ஒரு முகத்தையே காட்டும். வரைபடத்தைப் பயிற்சி பெற்றவரே வாசிப்பர். அளவுமாதிரியோ கட்டடத்தின் நாற்புறத்தையும் சூழலையும் சிறுவரும் விளங்கிக்கொள்ளும்படி ஒருங்கே முன்வைக்கின்றது. அதைச் செய்பவர், முகட்டின் சரிவு என்ன, தூண்கள் எத்தனை, சுவரின் நிறம் எது என்று கேட்டுக் கேட்டு விடைதேட வேண்டியிருப்பதால், ஆக்கம் முடிவதற்குள் ஊரின் வாய்மொழி வரலாறும் திரண்டுவிடுகின்றது.

ஆகவே எஞ்சியுள்ள நிலையக் கட்டடங்களையும் பாலங்களையும் இப்போதே அளந்து வரைவதும், பழைய படங்களைத் திகதியோடு தொகுப்பதும், பாதையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர்களின் விளக்கங்களைப் பதிவதும் உடனடியாகத் தொடங்கவேண்டிய பணிகளாகும். ரோய் இங்லண்ட் தம் சமவெளிக்குச் செய்ததை மட்டக்களப்பின் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் தம் பாதைக்குச் செய்யமுடியும். அதற்குப் பெரும் பணமோ அரிய கருவிகளோ வேண்டியதில்லை, துல்லியத்தின்மீது கொண்ட மதிப்பும் ஊரின்மீது கொண்ட பற்றும் போதுமானவை.