மதுரை வட்டாரக் கிறித்தவத் துதிப்பாட்டும் பந்தி வழக்கும்

இறைவனைத் தனித்திருந்து எண்ணுதல் ஒன்று. பலர் கேட்பப் பாடுதல் மற்றொன்று. தமிழர்தம் சமய வாழ்வில் பின்னதற்கே ஏற்றம் மிகுதி. நீற்றறையில் இடப்பட்ட பொழுதும் கல்லொடு பிணித்துக் கடலில் வீழ்த்தப்பட்ட பொழுதும் நாவுக்கரசர் பாடினார் என்று சைவ மரபு போற்றுகின்றது. பாண்டியன் ஒறுத்த மாணிக்கவாசகரின் கதை மதுரையில் இன்றும் ஆண்டுதோறும் வைகைக் கரையில் புட்டுத் திருவிழாவாக நினைக்கப்படுகின்றது. எனவே, துன்பத்திடையே துதித்தல் என்பதனைக் கிறித்தவம் வந்துதான் இவ்வூரார்க்குக் கற்பிக்க வேண்டும் என்னும் நிலை இல்லை. எந்த இசையில் துதிப்பது, யாரோடு அமர்ந்து துதிப்பது என்னும் இரண்டுமே இங்கு வழக்காயின. அவ்வழக்கு நடந்த முறையே ஈண்டு ஆராயப்படுகின்றது.

1606 இல் மதுரைக்கு வந்த இராபர்ட்டு தெ நொபிலி என்னும் தத்துவ போதகர் தமிழ் உரைநடையில் பல நூல்கள் யாத்தவர். 1640 இல் இந்நகரிலேயே சிறைப்பட்டவர். அவர் தொடங்கிய கத்தோலிக்கப் பணியின் வரலாறு தனியே விரித்தற்குரியது. கூட்டுப் பாடலைப் பற்றிய பூசலுக்கோ நாம் தரங்கம்பாடியையும் தஞ்சையையும் நோக்குதல் வேண்டும்.

தரங்கம்பாடியில் 1706 இல் கால்கொண்ட செருமானியக் குருமார், தம் நாட்டுத் துதிப்பாடல்களைத் தமிழாக்கி, அந்நாட்டு மெட்டுகளிலேயே பாடுவித்தனர். இவை ஞானப்பாட்டுகள் எனப்பட்டன. தமிழ்ச் செய்யுள் எழுத்தின் குறில் நெடில் அளவால் நேரும் நிரையுமாக அசை கொள்வது. ஐரோப்பிய மெட்டோ அசையழுத்தத்தால் நடப்பது. அழுத்தம் விழும் இடத்தில் குறில் வந்தால் அதனை நீட்டவேண்டும். நெடில் வந்த இடத்தைச் சில வேளை குறுக்கவேண்டும். பொருள் அறிந்தவனுக்கும் சொல் பிடிபடாது. எழுத்தறியாத உழவனோ புத்தகமின்றி அதனை நினைவிற் கொள்ளுதல் அரிது. பழகிப்போன சபையார் இன்றும் அவற்றை அன்போடு பாடுகின்றனர் என்பது வேறு செய்தி. பழக்கத்தின் வலிமை அத்தகையது.

இக்குறையை நீக்கியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்து, சரபோசி மன்னரோடு ஒருங்கு பழகி, பெத்தலகேம் குறவஞ்சி முதலிய நூல்கள் செய்தவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பில் ஒரு நன்மை உண்டு. சரணத்தைப் பாடுவோன் ஒருவன் அறிந்திருந்தால் போதும். பல்லவியைக் கூட்டம் முழுவதும் ஏற்றுப் பாடும். தெருவில் நின்று கேட்பவனும் இரண்டாம் முறை வாய் திறப்பான். பொதுத்துதிக்கு இதனினும் ஏற்ற கருவி யாது?

ஆயினும், இக்கவிஞர் புதிதாய் வந்த குருமாரோடு மாறுபட்டார். வேதத் தமிழ்மொழிபெயர்ப்பைத் திருத்தியதும், திருநாட்களில் மலரை விலக்கியதும், வழிபாட்டில் தமிழிசையைத் தடுத்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. 1829 இல் அப்பூசல் முற்றி அவர் திருச்சபைப் பணியை இழந்தார். மன்னர் ஆதரவால் வாழ்ந்தார், பாட்டை நிறுத்தினாரல்லர். துன்பத்தில் துதி என்பதற்கு இவரைச் சான்று காட்டுவோர் இதனோடு நின்றுவிடுவர். ஆனால் அப்பூசலில் மற்றொரு கூறும் இருந்தது. எல்லாச் சாதியாரும் கலந்தமர்ந்து நற்கருணை பெறவேண்டும் என்ற கட்டளையையும் சாஸ்திரியார் கொடுமை என்றே எண்ணினார். சாதி வேற்றுமை உலகியல் ஒழுங்கு என்பது அவர் கொள்கை. இதனை மறைத்துரைத்தல் வரலாறாகாது.

இனி மதுரைக்கு வருவோம். 1834 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்கத் தொண்டர் இங்குப் பணி தொடங்கினர். திருமங்கலத்தில் 1842 இல் நிறுவிய குருமடத்தைப் பின்னர்ப் பசுமலைக்கு மாற்றினர். சாதி பற்றி இவர்கள் கொண்ட நிலை மிகக் கடுமையானது. 1847 இல், தம் கீழ்ப் பணிபுரிந்த உபதேசியார் அனைவரும் சாதி நோக்காது சமைத்த உணவை ஒரே பந்தியில் உண்ணவேண்டும் என்று விதித்தனர். இதற்கு அன்பின் விருந்து என்பது பெயர். பலர் உண்ண மறுத்துப் பணியை விட்டு நீங்கினர். நாள்தோறும் வாயாரத் துதித்தவர்க்கு ஒரு பிடி சோறு இடறிற்று!

ஆறாண்டுகள் கழித்து, 1853 இல், அதே அமெரிக்கப் பணியைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். பொது வழிபாட்டிற்கும் கூடுகைக்கும் உரிய கிறித்தவக் கீர்த்தனைகள் என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். அதனைத் தொகுப்பதில் முதுமையுற்ற சாஸ்திரியாரின் துணையை அவர் நாடிப் பெற்றார். தொகுப்பிற் பெரும்பங்கு அவர் பாடல்களே. பந்தியில் சாதியை ஒறுத்த மதுரைப் பணி, சாதியைக் காத்து நின்ற புலவரின் பாட்டை வாரி எடுத்துக்கொண்டது. இதனை முரண் என்று தள்ளுதல் எளிது. நல்ல பாட்டு தன் ஆசிரியனின் வேலியைத் தாண்டிச் செல்லும் என்பதே யாம் கொள்ளும் கருத்து. சாஸ்திரியார் அருகமர விரும்பாதவர் வாயிலும் அவர் பல்லவி ஒலித்தது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சம் இத்துதிக்கு வேறொரு சோதனை. உதவிப்பணம் பங்கிடுவதில் பாதிரிமாரும் ஈடுபட்டனர். கஞ்சி ஊற்றும் கையே வேதத்தையும் நீட்டியபொழுது, சோற்றுக்குச் சேர்ந்தவர் என்னும் பழி எழுந்தது. பசித்தவன் தெருவில் நின்று துதித்தால் அது நன்றியா, கூலியா என்று கேட்டோர், வயிறு நிறைந்தவன் துதிக்கும்பொழுது அக்கேள்வியைக் கேட்டாரல்லர்.

சோறும் பாட்டும் பற்றிய இவ்வழக்கு ஒரு நூற்றாண்டு கழித்து மீண்டும் மதுரையிலேயே எழுந்தது. 1969 இல் தோன்றிய அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராய் இருந்தவர் தியாப்பிலசு அப்பாவு; பரட்டை அண்ணன் என்பது மக்கள் வழங்கிய பெயர். அவர் 2005 இல் மறைந்தார். கருநாடக இசை அறிந்தவராயினும் கீர்த்தனை ஒடுக்கப்பட்டோர்க்கு அயலானது என்று கண்டு, நாட்டுப்புற மெட்டுக்கும் பேச்சுத்தமிழுக்கும் திரும்பினார். ஒருகாலத்தில் ஞானப்பாட்டை அயலானது என்று விலக்கிய கீர்த்தனையே, இப்பொழுது அதே குற்றச்சாட்டிற்கு உள்ளாயிற்று. நாட்டுப்பாடலைப் பாடுவோர் தம் துன்பத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அச்சிட்ட கீர்த்தனையில் அவ்வுரிமை இல்லை என்பது அவர் வாதம்.

அவர் இறையியலின் நடுப்பொருள் ஒரே உலை என்பது. கூட்டுக்குடும்பத்தார் ஒரே உலையில் பொங்கி உண்பதுபோல், எல்லாரும் ஒன்றாய்ச் சமைத்துண்ணும் நிலையே இறையாட்சி என்றார். இயேசு கற்பித்த செபத்தை நாட்டுமெட்டில் அமைத்தபொழுது, அன்றாட உணவுக்கான வேண்டுதலை இக்கருத்தோடு இணைத்தார். 1847 இல் மேலிருந்து விதியாக வந்து பலரை விலக்கிய பந்தி, இங்குக் கீழிருந்து பாட்டாக எழுந்தது.

பறையையும் அவர் வழிபாட்டிற்குள் கொணர்ந்தார். அதனைச் சாவுக்கு உரியதென்று மேற்சாதியார் வெறுத்தது வியப்பன்று. முன்னோர் கட்டாயத்தின்பேரில் பறையறைந்த குடும்பங்களிலேயே சிலர், அவ்வொலி ஆலயத்தில் வேண்டா என்றனர். அவர்க்கு அது துதியன்று, இழிவின் நினைவு. மற்றையோர் அதனையே எடுத்து முழக்கினர்.