ஊர் விதித்த தண்டமும் ஊருக்குத் திரும்புதலும்: விரிஞ்சிபுரம் கல்வெட்டு முதல் நன்னடத்தைச் சட்டம் வரை

வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில், விசயநகர வேந்தர் இரண்டாம் தேவராயர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. சகம் 1347, அதாவது கி.பி. 1425-26ஆம் ஆண்டைச் சார்ந்த இதனை ஹூல்ச் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள், கன்னடர், தமிழர், தெலுங்கர் என்ற வேறுபாடின்றிக் கூடி, திருமணத்தைக் கன்னியாதானமாகவே நடத்துவதென உடன்படுகின்றனர். பொன் வாங்கிப் பெண் கொடுப்போரும் பொன் கொடுத்துப் பெண் கொள்வோரும் அரச தண்டத்துக்கு உள்ளாவதோடு தம் சமூகத்துக்கும் புறம்பாவர் என்பது அவர்களது முடிவு.

பெண்ணுக்குப் பொருள் பெறும் வழக்கத்திற்குச் சான்றாகவே இக்கல்வெட்டு பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. தண்டனை வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. அரசனது தண்டமும் சமூகத்தின் தண்டமும் இங்கு ஒரே தொடரில் அருகருகே நிற்கின்றன. சிறை பற்றிய பேச்சே இல்லை. விலக்கப்பட்டவன் எப்போது, எதைச் செய்து மீண்டும் உட்புகலாம் என்பது பற்றியும் கல்வெட்டில் ஒரு சொல் இல்லை.

விலக்குக்கு முடிவு வைக்காத இப்போக்கு இதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்னரே காணப்படுகிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் போற்றப்படுபவை. அவற்றில் உள்ள தகுதியின்மைப் பட்டியல் கடுமையானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனோடு அவன் உறவினரும் தகுதி இழந்தனர். உண்ணத்தகாதன உண்டு, பின்னர்ப் பிராயச்சித்தம் செய்து தூய்மை அடைந்தவனும் வாழ்நாள் முழுதும் வாரியத்துக்கு ஆகான். கழுவாய் ஏற்கப்பட்டது, ஆயினும் பழைய இடம் திரும்பக் கிட்டவில்லை. ஊராட்சியின் பெருமையைப் பேசும் நூல்கள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவது வியப்பன்று.

இதற்கு நேர்மாறான மரபும் தமிழகக் கல்வெட்டுகளில் உண்டு. வேட்டையில் குறி தவறி எய்த அம்பால் ஒருவன் இறக்க, நாட்டார் கூடி ஆராய்ந்து, எய்தவன் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கக் கடவன் என முடிவு செய்த செய்திகள் சோழர் காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவாகியுள்ளன. ஒரு நந்தா விளக்குக்குப் பொதுவாகக் குறிக்கப்படும் அளவு தொண்ணூற்றாறு ஆடுகள் அல்லது முப்பத்திரண்டு பசுக்கள். ஆடுகளை ஏற்ற மன்றாடி நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஈன்று பெருகி எண்ணிக்கை குறையாது நிற்கும் என்பதால் அவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன.

இவ்வேற்பாட்டில் குற்றம் மறைக்கப்படவில்லை. எல்லோரும் காணும் கல்லிலேயே பொறிக்கப்பட்டது. இறந்தவனுக்காக ஒளி எரிந்தது. எய்தவன் தன் ஊரிலேயே, தன் நிலத்திலேயே இருந்தான். ஆடுகளை ஒப்படைத்த அன்றே அவனது கடன் தீர்ந்தது. சோழர் தண்டனைமுறை மென்மையானது எனக் கொள்வோர் இச்சான்றுகளையே முன்வைப்பர். ஆனால் தொண்ணூற்றாறு ஆடு கொடுக்க வசதி உள்ளவனே இக்கல்வெட்டுகளில் பெயர் பெறுகிறான். ஆடற்றவன் அம்பெய்திருந்தால் என்ன ஆயிற்று என்பதற்குக் கல் சான்று தருவதில்லை. எனவே இம்மரபைப் பொற்காலமாகக் கொள்வது பொருந்தாது. தண்டனைக்கு ஒரு முடிவு உண்டு என்பதை ஊரே அறிவித்தது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

ஆங்கிலேயர் ஆட்சியில் சிறையே முதன்மைத் தண்டனை ஆயிற்று. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 562ஆம் பிரிவு முதன்முறைக் குற்றவாளியைப் பிணையில் விடுவிக்க இடமளித்தது. அவனுக்குத் துணை நிற்க அலுவலர் எவரையும் தரவில்லை. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக் குழு (1919-20) சீர்திருத்தத்தைச் சிறையின் நோக்கமாக வலியுறுத்தியது. சிறுவர்க்கான 1920ஆம் ஆண்டுச் சட்டமும், இளையோர்க்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டமும், 1936ஆம் ஆண்டின் சென்னைக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. நன்னடத்தை அலுவலர் என்னும் பதவி இவ்வாறு மாகாணத்தில் வேரூன்றியது.

அதே காலத்தில் அதே மாகாணத்தில் வேறொரு 'சிறைக்கு வெளியே' இருந்தது. மக்கள் கைரேகைச் சட்டம் என அழைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பின் இங்கு நடைமுறைக்கு வந்து, குற்றமே செய்யாதவரையும் பிறப்பால் பதிவு செய்து, நிலையத்தில் ஆசரிடச் செய்தது, குடியிருப்புகளில் அடைத்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் அது நீக்கப்பட்டது. மதில் இல்லாமை மட்டுமே விடுதலை ஆகாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

1958ஆம் ஆண்டின் மைய நன்னடத்தைச் சட்டம் விளக்குத் தண்டத்தின் சில கூறுகளை, அதனை அறியாமலே, மீட்டெடுத்தது. நான்காம் பிரிவின்படி மூன்றாண்டு வரையிலான பிணையில் குற்றவாளி தன் ஊரிலேயே வாழலாம். ஐந்தாம் பிரிவு பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்கச் செய்கிறது. தேவைப்படின் வேலை தேடித்தர முயல்வதும் நன்னடத்தை அலுவலரின் கடமை. விரிஞ்சிபுரத்து இறைவனுக்கு வழித்துணைநாதர் என்றும் பெயர். அலுவலரின் பணியைக் குறிக்க அதனினும் பொருத்தமான சொல் அகப்படுவது அரிது. பன்னிரண்டாம் பிரிவு இவ்வாறு விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியின்மையை நீக்குகிறது. உத்தரமேரூர்ச் சபை மறுத்ததை இப்பிரிவு தருகிறது எனலாம். ஆயினும் இது பணிநீக்கத்தைத் தடுக்காது என 1990இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மேலும், சிறைக்குச் செல்லாதவருக்கே இப்பிரிவு பயன்படும். தண்டனையைச் சிறையில் முழுவதும் கழித்து வெளிவந்தவருக்கு இச்சட்டத்தில் அத்தகைய முடிவுரை ஏதும் இல்லை.

இக்குறை பாலாற்றுப் பகுதியில் கண்கூடு. வேலூர் மத்திய சிறையில் காலணி தைக்கும் கூடம் உண்டு. காவலர்க்கான காலணிகள் அங்கு உருவாகின்றன. சிறை அலுவலர்க்குப் பயிற்சி தரும் கழகமும் 1979 முதல் வேலூரிலேயே இயங்குகிறது. மதிலுக்கு வெளியே இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழில் நீள்கிறது. கற்ற தொழிலும் தொழில் நடக்கும் ஊரும் இத்துணை அருகில் அமைந்த சிறை தமிழகத்தில் வேறில்லை எனத் தோன்றும். ஆனால் காலணி ஆலைகளின் தையல் பிரிவுகளில் மிகுதியும் பெண்களே பணிபுரிகின்றனர். தோல் பதனிடும் பணியோ பெரிதும் ஒப்பந்தக் கூலியை நம்பியது. கைத்தொழில் தெரிந்திருப்பதால் மட்டும் அங்கு இடம் கிடைத்துவிடுவதில்லை. 'இவனை எனக்குத் தெரியும்' என ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. விடுதலையானோர் நலனுக்கெனச் சங்கம் உண்டு. அதன் உதவி கருவியாகவும் பணமாகவும் அமையலாம். அந்த ஒரு சொல்லுக்கு அது ஈடாகாது.

2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சமூகச் சேவையை முதன்முறையாகத் தண்டனை வகைகளுள் ஒன்றாக்கியுள்ளது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறை திருடியவர் அதனைத் திருப்பித் தந்தால் இத்தண்டனையே பெறுவார். சமூகத்துக்குப் பயன்படும் பணி, அதற்கு ஊதியம் இல்லை என்ற அளவில் நடைமுறைச் சட்டத்தின் விளக்கம் நின்றுவிடுகிறது. எத்தனை மணிநேரம், யாருடைய மேற்பார்வையில், முடிந்தபின் அதனை ஊருக்கு அறிவிப்பவர் யார் என்பன அதில் இல்லை. விளக்குக் கல்வெட்டுகளிலோ ஆட்டின் எண்ணிக்கையும், பெற்றுக்கொண்ட மன்றாடியும், அளக்க வேண்டிய நெய்யின் அளவும் எழுதப்பட்டிருந்தன.