அட்டைப்பெட்டித் தொழில்: கொல்கத்தாவின் நடுத்தர நிறுவனங்களுக்குப் ‘பின்தொடரும் உத்தி’ கைகொடுக்குமா?

சந்தையில் முதலிடத்தில் உள்ள நிறுவனத்துடன் நேரடியாக மோதாமல், அது வகுத்த பாதையில் சென்று வாடிக்கையாளர்களையும் லாபத்தையும் தக்கவைத்துக்கொள்வது ‘சந்தைப் பின்தொடர்வோர் உத்தி’ எனப்படுகிறது. சந்தையியல் அறிஞர் பிலிப் கோட்லர் வகுத்த நான்கு போட்டி உத்திகளில் இதுவும் ஒன்று. புதுமை படைப்பதைப் போலவே, அதைத் திட்டமிட்டுப் பின்பற்றுவதும் பலன் தரும் என தியோடர் லெவிட் 1966-ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

தேயிலை, பிஸ்கட், பின்னலாடை, காலணி ஆகிய தொழில்கள் வேரூன்றிய கொல்கத்தாவில் அட்டைப்பெட்டிகளுக்கான தேவை நிலையானது. எனினும், பெரும் முதலீடு கொண்ட காகித நிறுவனங்களும் இத்துறையில் இறங்கியுள்ளன. ஹொரைசன் பேக்ஸ் நிறுவனத்தின் 85 சதவீதப் பங்குகளை ஜே.கே. பேப்பர் வாங்குவதாக 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

விலைக் குறைப்பு ஏன் ஆபத்து?

2025 செப்டம்பர் 22 முதல் அட்டைப்பெட்டிக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதன் மூலப்பொருளான கிராஃப்ட் காகிதத்துக்கோ 12-லிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது.

எடுத்துக்காட்டாக, ரூ.60 லட்சத்துக்குக் காகிதம் வாங்கி, ரூ.1 கோடிக்குப் பெட்டி விற்கும் நிறுவனம் காகிதத்துக்கு ரூ.10.80 லட்சம் வரி செலுத்துகிறது, விற்பனையில் ரூ.5 லட்சம் மட்டுமே வசூலிக்கிறது. மீதமுள்ள ரூ.5.80 லட்சம், வரித்தொகை திரும்பக் கிடைக்கும் வரை முடங்குகிறது. போட்டிக்காக விலையை 5 சதவீதம் குறைத்தால், வருவாயில் ரூ.5 லட்சம் குறைவதுடன் முடங்கும் தொகையும் ரூ.6.05 லட்சமாக உயரும்.

மேலும், விற்ற பொருளுக்கு 45 நாள்களுக்குள் பணம் பெறுவதற்கான சட்டப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே உண்டு. நடுத்தர நிறுவனங்களுக்கு இல்லை. எனவே, முன்னணி நிறுவனத்தின் விலையை ஒட்டியே விற்பதும், காகித விலை மாற்றத்துக்கேற்பப் பெட்டி விலையைத் திருத்தும் விதியை ஒப்பந்தத்தில் சேர்ப்பதும் பாதுகாப்பானவை.

எதைப் பின்பற்றலாம்?

தானியங்கி இயந்திரங்களைப் பிறர் பயன்படுத்தி, அவற்றின் பலன் உறுதியான பிறகு வாங்கலாம். இயந்திரங்களுக்குச் செலுத்திய வரி, மேற்கூறிய திரும்பப்பெறும் தொகையில் சேராது என்பதால் இந்த நிதானம் அவசியம். காகித எடை, வெடிப்பு வலிமை, அமுக்க வலிமை ஆகியவற்றில் முன்னணி நிறுவனத்தின் தரத்தை எட்டுவதும் இன்றியமையாதது.

பிறரின் வணிகச் சின்னத்தையோ, பதிவு செய்யப்பட்ட வடிவமைப்பையோ நகலெடுப்பது இந்த உத்தியில் அடங்காது. அது சட்ட மீறல். 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவுகளை மேற்கொள்ளும் பிரிவு கொல்கத்தா காப்புரிமை அலுவலகத்திலேயே உள்ளதால், முன்கூட்டியே சரிபார்ப்பது எளிது.

எங்கு வேறுபட வேண்டும்?

அட்டைப்பெட்டிகள் எடை குறைந்தவை. ஆனால், லாரியில் அதிக இடம் பிடிப்பவை. தொலைவு கூடினால் போக்குவரத்துச் செலவு லாபத்தை விழுங்கிவிடும். துர்கா பூஜைக்கு முன் தேவை உயரும்போது, சிறிய ஆர்டரையும் விரைந்து முடித்துத் தரக்கூடியது அருகிலுள்ள ஆலையே. விலையிலும் தொழில்நுட்பத்திலும் பின்தொடர்ந்து, விநியோகத்தில் முந்துவதே நடுத்தர நிறுவனங்களுக்கு ஏற்ற வழி.