ஆற்றுக்கு மேலே ஒரு கால்வாய்

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள வொர்ஸ்லியில் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவுக்கு நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. உள்ளே ஊறும் தண்ணீரை வெளியேற்றுவது ஒரு தலைவலி. வெட்டிய கரியைக் குதிரை முதுகில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புவது இன்னொரு தலைவலி. ஊறுகிற தண்ணீரையே கால்வாயில் விட்டு, அதிலேயே கரியை மிதக்கவிட்டால் என்ன? பிரபுவும் அவருடைய காரியஸ்தர் ஜான் கில்பர்ட்டும் போட்ட இந்தக் கணக்குக்கு 1759-ல் நாடாளுமன்றம் அனுமதி தந்தது.

நேர்வழியில் போனால் பார்ட்டனில் இர்வெல் ஆறு குறுக்கிடும். படகை ஆற்றில் இறக்கி அக்கரையில் ஏற்றுவதுதான் அன்றைய வழக்கம். கால்வாயை வெட்ட வந்த பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லிக்கு அதில் இஷ்டமில்லை. மாவு மில் இயந்திரங்களைச் சரிசெய்து பிழைத்தவர். எழுத்துக்கூட்டி எழுதவே சிரமப்படுவார். ஆற்றுக்கு மேல் பாலம் கட்டி, பாலத்தின் மேல் கால்வாயை ஓட்டலாம் என்றார். யோசனை கேட்கப்பட்ட வேறொரு பொறியாளர், ஆகாயக்கோட்டை எழும்பப்போகும் இடத்தை இன்றுதான் பார்க்கிறேன் என்று கிண்டலடித்தாராம். பாலாடைக்கட்டியை வெட்டி வளைவு செய்துகாட்டித்தான் பிரிண்ட்லி நாடாளுமன்றக் குழுவுக்குப் புரியவைத்தார் என்றொரு கதையும் உண்டு. கதை எப்படியோ, 1760-ல் பாலத்துக்கும் அனுமதி கிடைத்தது.

கல்லை அடுக்கிவிடலாம், தண்ணீர் ஒழுகாமல் நிற்க வேண்டுமே! அதற்குக் களிமண். மணல் கலந்து, தண்ணீர் விட்டு, மண்வெட்டியால் கொத்தி, குயவர் மண்ணைப் பதப்படுத்துவதுபோல மிதித்து, ஒரு படையின் மேல் இன்னொரு படையாகப் பூசினார்கள். ஈரம் இருக்கும்வரை சொட்டு கசியாது, காயவிட்டால் வெடித்துவிடும்.

அந்த மண்ணின் பாரமே வினையாயிற்று. தண்ணீர் விட்டபோது ஒரு வளைவு நெளிந்தது என்றும், கலங்கிப்போன பிரிண்ட்லி சத்திரத்தில் போய்ப் படுத்துக்கொண்டார் என்றும், கில்பர்ட்தான் களிமண்ணைக் குறைத்துப் பாரத்தை இறக்கிக் காப்பாற்றினார் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இந்தக் காரியஸ்தரைத்தான் பிடித்திருக்கிறது.

1761 ஜூலை 17-ல் முதல் படகு போயிற்று. மூன்று வளைவுகள், சுமார் 180 மீட்டர் நீளம். ஆற்றில் ஒரு படகு போக, அதன் தலைக்கு மேல் 39 அடி உயரத்தில் இன்னொரு படகு போவதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. பிறகு மான்செஸ்டரில் கரி விலை ஏறக்குறையப் பாதியானது.

130 ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஆற்றில் கடற்கப்பல்கள் வரவேண்டியிருந்தது. வளைவுகள் தடை, 1893-ல் இடித்தார்கள். பக்கத்திலேயே, கால்வாயைச் சுமந்தபடி, கப்பல் வரும்போது தண்ணீரோடு சேர்ந்து திரும்பி வழிவிடும் இரும்புத் தொட்டி வந்தது. பழைய பாலத்தின் கரையோரக் கற்கட்டு மட்டும் இன்னும் அங்கே நிற்கிறது.